மழைக்கும் கூட்டத்துக்கும் நடுவே வெள்ளிமலை

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேற்கே கல்வராயன் மலை தெரியும். காலையில் சாம்பல் நிறம், மதியம் வெளிர் நீலம், மழைக்கு முந்தின நாள் கையெட்டும் தூரத்தில் கறுப்பாக. பஸ் ஏறினால் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மலைக்கு என் மனைவியை அழைத்துப் போக நான் ஒரு வருஷம் திட்டம் போட்டேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ரீத்தாவுக்குக் கண்ணில் பிரஷர். வலியில்லாமல் வந்து, இரண்டு பக்கத்துப் பார்வையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நேராகப் பார்த்தால் ஊசியில் நூல் கோப்பாள். ஆனால் பக்கத்தில் நிற்கும் என்னைத் தெரியாது. "ஒரு பைப்பு வழியா பாக்குற மாதிரி இருக்குதுங்க" என்பாள். வடக்கனந்தலில் அங்கன்வாடி வேலை பார்த்தவள். ஒருநாள் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையின் விரலை மிதித்துவிட்டாள். பெரிய காயமில்லை. அந்தத் தாய்கூட ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து இவள் வேலைக்குப் போகவில்லை.

புதுச்சேரியில் பார்த்த டாக்டரம்மா சொட்டு மருந்தை மாற்றி எழுதிவிட்டு, "நடுப் பார்வை இப்ப நல்லா இருக்கு. எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. பாக்கணும்னு ஆசைப்படறத எல்லாம் தள்ளிப் போடாம பாத்துடுங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன், எங்கே போகலாம் என்று. வேளாங்கண்ணி என்பாள், ஓசூரில் மகள் வீடு என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நம்ம மலைக்குத்தான். பொறந்ததிலேர்ந்து கீழ இருந்தே பாத்துக்கினு இருக்கேன். மேல ஏறி ஒரு அருவி பாக்கணும்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து என் தூக்கம் போனது.

நான் இயல்பிலேயே உட்காராத ஆள். சர்க்கரை ஆலையில் எடைமேடை வேலை. கரும்பு லாரி வராத நேரத்திலும் மேடையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பேன். மலைப் பயணத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்ததும் அந்த நடை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சித்திரை, வைகாசியில் போனால் அருவியில் பாறைதான் இருக்கும். கோடை விழா வைத்தால் பாறையைவிட ஆள் ஜாஸ்தி. ஆடியில் பதினெட்டாம் பெருக்குக் கூட்டம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அருவிக்குப் போகும் வழியை அடைத்துவிடுவார்கள், மண் சரிந்து பாதையும் போகும். மார்கழியில் பனிமூட்டம், நல்ல கண்ணுக்கே எதிரில் வரும் மாடு தெரியாது. தையில் காணும் பொங்கல். கூட்டம் அவளுக்கு ஆகவே ஆகாது. பக்கவாட்டில் வருகிற ஒவ்வொரு ஆளும் அவள்மேல் திடீரென்று முளைப்பவர்தான்.

எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சியது கார்த்திகையின் பின்பாதி. மழை விட்டிருக்க வேண்டும், அருவி வற்றியிருக்கக் கூடாது, பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், ஞாயிறாக இருக்கக் கூடாது, ஆலையில் அரவை தொடங்கியிருக்கவும் கூடாது. அரவை தொடங்கிவிட்டால் எனக்கு லீவு என்ற பேச்சே கிடையாது.

போனில் வானிலை சொல்லும் செயலிகள் மூன்றை ஏற்றினேன். மூன்றும் ஒரே ஊருக்கு மூன்று விதமாகச் சொல்லின. எதற்கும் மேலே இருக்கும் ஒரு ஆளையே கேட்டுவிடலாம் என்று, கூட வேலை செய்பவர் மூலமாக மலைமேல் ஊரான வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருக்கும் செல்வி என்பவரின் நம்பரை வாங்கினேன். தினமும் காலையில் கூப்பிட்டுவிடுவேன்.

"அம்மா, மழை இருக்கா?"

"இப்ப இல்ல சார்."

"மதியம் வருமா?"

"நீங்க போன வச்சதும் வரும் போல இருக்கு சார்."

ஒருநாள் அவர் பொறுமை இழந்து, "சார், வந்து நனைஞ்சிட்டுப் போங்களேன். எல்லாரும் அப்படித்தான் வராங்க" என்றார். அன்றைக்கு நான் ஏற்கெனவே குறித்திருந்த தேதியை வங்கக் கடலில் உருவான தாழ்வுநிலைக்காகத் தள்ளிப் போட்டிருந்தேன். அந்தத் தாழ்வுநிலை எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ஆந்திராவுக்குப் போய்விட்டது. அடுத்த முறை, கூட்டம் இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தள்ளினேன். இதற்குள் ரீத்தா வாசற்படியில் இரண்டு முறை தடுக்கியிருந்தாள்.

"நாளைக்குப் போலாம். உங்க போன்ல இன்னா காட்டினாலும் சரி" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்த புடவையைக்கூட மாற்றாமல் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம்.

கச்சிராயப்பாளையத்தில் பஸ் நின்றபோது மசால் போண்டா வாங்கினேன். எங்கள் ஊர் போண்டாவைவிடச் சின்னது, உள்ளே பச்சைமிளகாய் ஜாஸ்தி. ரீத்தா அதைத் தின்றுகொண்டே ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். அடிவாரத்துக்கு வந்துவிட்டால் மலை மலையாகத் தெரிவதில்லை. மரமும் கல்லுமாகத்தான் தெரிகிறது. எனக்கே அப்படி. மேலே ஒரு வெள்ளை மேகம் முகட்டில் சிக்கிக்கொண்டிருந்தது. அது மழை மேகமா, வெறும் மேகமா என்று போனில் பார்த்தேன். சிக்னல் போயிருந்தது.

மலைப்பாதையில் பாதி தூரம்கூட ஏறியிருக்கமாட்டோம். ஒரு வளைவில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு பீடி பற்றவைத்தார். அதிலிருந்தே விஷயம் புரிந்தது. கண்டக்டர், "எறங்கிக்கங்க, பின்னாடி வண்டி வந்தா ஏத்திவுடறேன்" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். "வர்றப்ப வரும்ங்க" என்றார்.

மலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கம் போல. ஒரு பெண் தார்ச்சாலை ஓரத்திலேயே குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் அரிசி மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடினார்கள். நான் அடுத்த வளைவுவரை ஏறிப் போய்ப் பார்த்தேன், திரும்பக் கீழே வந்து அந்தப் பக்கத்து வளைவுவரை பார்த்தேன். ரீத்தா தடுப்புச் சுவரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி பள்ளம். தள்ளி உக்காரு."

"பள்ளம் எனக்குத் தெரியாதுங்க. தெரியாததுக்கு நான் ஏன் பயப்படணும்?" என்று ஒரு சுளையை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவர வெறும் சாக்குகளோடு மேலே போன ஒரு மினி லாரி நின்றது. அவளை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டு நான் பின்னால் சாக்குமேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. ஒவ்வொரு வளைவிலும் எழுந்து, டிரைவர் அறையின் பின்கண்ணாடி வழியாக அவள் தலை தெரிகிறதா என்று பார்த்தபடியே போனேன். உடம்பெல்லாம் கிழங்கு மண்.

வெள்ளிமலைக் கடைத்தெரு எங்கள் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மூலையை வெட்டி எடுத்துக் குளிரில் வைத்த மாதிரி இருந்தது. அதே பிளாஸ்டிக் குடங்கள், அதே பரோட்டாக் கல், அதே கட்சிக் கொடிகள். காற்று மட்டும் வேறு. கீழே காற்றில் எப்போதும் ஆலைச் சர்க்கரைப்பாகு வாசனை இருக்கும். இங்கே ஈர மண்ணும் விறகுப் புகையும்.

செல்வியின் டீக்கடையைக் கண்டுபிடித்தோம். போனில் கேட்ட குரலுக்குப் பெரிய உருவத்தை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, தலையில் துண்டு கட்டி, என் வயதுக்குக் கொஞ்சம் இளையவராக இருந்தார்.

"நீங்கதானா அந்த மழை சார்" என்றார்.

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னைப் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ரீத்தா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அவர் எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். கீழே சாமையைச் சர்க்கரை வியாதிக்காரர்கள் மருந்து மாதிரி தின்கிறார்கள். இங்கே ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்மா, இன்னிக்கும் அரிசிச் சோறு இல்லியா" என்று முனகினார்.

அன்றைக்கே அருவிக்குப் போயிருக்கலாம். வெயில் நன்றாக இருந்தது. ஆனால் ரீத்தா களைத்திருந்தாள். மறுநாள் செவ்வாய், கூட்டமே இருக்காது, காலையில் நிம்மதியாகப் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

சாயங்காலம் நாங்கள் அறை எடுத்த லாட்ஜின் மாடியில் ஒரு மூலையில் சிக்னல் கிடைத்தது. ஓசூரிலிருந்து மகள் செய்தி அனுப்பியிருந்தாள்: புதிதாக ஒரு தாழ்வுநிலை, நாளை கனமழை வரலாமாம், கள்ளக்குறிச்சிப் பக்கம் பள்ளிகளுக்கெல்லாம் லீவு விட்டுவிட்டார்களாம், பத்திரமாக இருங்கள். நான் அறைக்கு வந்து பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"காலைல மொத வண்டிக்குக் கீழ போயிடலாம். மழை வுட்டதும் திரும்ப வரலாம்."

அவள் கட்டிலில் அண்ணாந்து உட்கார்ந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியபடியே பேசினாள்.

"மழை வந்தா பயம், வரலன்னா பயம். கூட்டம் இருந்தா பயம், இல்லன்னாலும் பயம். கண்ணு போவுறது எனக்கா, உங்களுக்கா?"

நான் துணி அடுக்குவதை நிறுத்தினேன்.

"ஒரு வருஷமா நீங்க எங்கூட உக்காந்து ஒரு காபி குடிச்சீங்களா? போனைப் பாக்குறீங்க, வானத்தப் பாக்குறீங்க. என்னைத்தான் பாக்கலை. எனக்குத் தெரியலன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். மருந்து கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்கு உண்மை தெரியும். உட்கார்ந்தால் அந்த டாக்டரம்மா சொன்னதை யோசிக்க வேண்டியிருக்கும். நாள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை யோசிக்க வேண்டியதில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? பையிலிருந்து துணிகளைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. தாழ்வுநிலை மறுபடியும் வேறு எங்கோ போயிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இட்லிக்கு உட்கார்ந்தபோதுதான் சத்தம் கேட்டது. முதலில் பைக்குகள், பிறகு வேன்கள், கூரைமேல் பாத்திரம் கட்டிய ஒரு சுற்றுலா பஸ். மழைக்கு லீவு விட்டு, மழை வராத நாள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம் எல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டது.

பெரியார் அருவிக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் போனோம். ரோட்டோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் அண்டாவில் தக்காளி சாதம் கிளறிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்த பைக் பையன்கள் சிலர் பக்கத்தில் நின்றார்கள். இளவயதில் அந்த ஊரில் கொஞ்ச காலம் வேலை பார்த்ததால் அவர்கள் கன்னடம் எனக்குப் புரிந்தது.

"கூட்டமே இருக்காதுன்னு நீதானே சொன்னே" என்றான் ஒருவன்.

"போன வருஷம் இல்லடா" என்றான் மற்றவன்.

என்னைப் போல ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறான் போலிருக்கிறது.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அதில் குறை சொல்ல முடியாது. ரீத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகுகளை விலக்கி விலக்கி, எவ்வளவு கிட்டத்தில் போக முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். சாரல் முகத்தில் அடித்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

"இன்னா தெரியுது?"

கொஞ்சம் தயங்கினாள். "வெள்ளையா ஒரு துண்டு. தல தூக்கினா மேல ஒரு துண்டு. குனிஞ்சா ஆளுங்க தலை."

அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இன்னும் கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று நினைத்து அவளை முன்னால் இழுத்தேன். பக்கத்திலிருந்து ஓடிவந்த ஒரு பெண், பிள்ளையைத் துரத்திக்கொண்டு வந்தவள், ரீத்தாவின் தோளில் மோதினாள். ரீத்தா பாசிப் பாறையில் சறுக்கி முட்டி போட்டு விழுந்தாள். அந்தப் பெண் பதறி, "அக்கா, மன்னிச்சிக்கங்க, நான் வர்றத நீங்க பாத்தீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"பரவால்லம்மா. புள்ளயப் புடி" என்றாள் ரீத்தா.

புடவையில் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு வருஷம் கணக்குப் போட்டு, கடைசியில் அவளை ஒரு கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் விழ வைத்திருக்கிறேன்.

செல்வியின் கடையில் அவளை உட்காரவைத்தேன். இன்னும் உள்ளே தள்ளி வேறு அருவி இருக்கிறது, ஜீப்பில்தான் போக முடியும், கூட்டம் கம்மி என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். "ஜீப் கெடைக்குதான்னு பாத்துட்டு வரேன். எங்கியும் போவாத" என்றேன். ரீத்தா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜீப் எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் காலையிலேயே போயிருந்தன. திரும்பி வந்தேன். பெஞ்சு காலி. செல்வியும் இல்லை. அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் பஜ்ஜி போடுகிறவர் வந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க உக்காந்திருந்த அம்மா எங்கீங்க?"

"செல்விகூட அவங்க வூட்டுப் பக்கம் போனாங்க. பின்னாடி, அந்தக் கிழங்குக் கொல்லை வழியா. பாத்துப் போங்க, கொல்லை முடிஞ்சா பள்ளம்."

நான் ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியதில்லை. ஆளுயரத்துக்கு மரவள்ளிச் செடிகள், நடுவே ஒற்றையடிப் பாதை. முகத்தில் இலைகள் அடித்தன. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கியதில் குரல் வரவில்லை. கொல்லை சட்டென்று முடிந்தது. அங்கே ஒரு ஓட்டு வீடு, சாணம் தெளித்த வாசல், அதைத் தாண்டி ஆகாயம்.

வாசலின் ஓரத்தில், பள்ளத்துக்கு நன்றாகத் தள்ளி, ஒரு உரலின்மேல் ரீத்தா உட்கார்ந்திருந்தாள். முட்டியில் மஞ்சள் பத்து. செல்வி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"காயத்துக்கு மஞ்ச போடலாம்னு கூட்டியாந்தேன் சார். வந்ததுலேர்ந்து அக்கா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ரீத்தா திரும்பவில்லை. என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருப்பாள்.

"வாங்க. அங்க பாருங்க" என்றாள்.

நடுவே பள்ளத்தாக்கு. அதற்கு அந்தப் பக்கம் எதிர்மலை. அதன் முகட்டிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கீழே இறங்கியது. அது ஒரு ஓடை. சத்தமில்லை. சாரல் இல்லை. எனக்கு அது அருவியாகவே தோன்றவில்லை. சுவரில் வழிந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"இதுக்குப் பேர் இன்னாம்மா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"பேரெல்லாம் இல்ல சார். மழை பேஞ்சா வரும்."

"முழுசா தெரியுதுங்க" என்றாள் ரீத்தா. "அந்த மரத்துகிட்ட ஆரம்பிக்குது பாருங்க. ஒரு எடத்துல ரெண்டா பிரிஞ்சி, அப்புறம் திரும்ப ஒண்ணா சேருது. அடியில பச்சையா ஒரு வயலு மாதிரி இருக்குது, அங்க போய் வுழுது. தலைய ஆட்டாமலே தெரியுது."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு வருஷத்தில் அவள் எதையாவது பார்க்கும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடிக்கொண்டே இருப்பாள், கோழி பார்ப்பது போல. இப்போது தலை அசையவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பைப்பு வழியாகப் பார்க்கிறவளுக்குக் கிட்டே இருக்கும் பொருள் துண்டுதான். தள்ளிப் போகப் போகத்தான் அந்தச் சின்ன வட்டத்துக்குள் எல்லாம் அடங்கும். நான் ஒரு வருஷமாக அவளை எதன் கிட்டேயாவது கொண்டுபோய் நிறுத்தத்தான் பாடுபட்டிருக்கிறேன்.

செல்வி எங்களை அங்கேயே விட்டுக் கடைக்குப் போய்விட்டார். போகும்போது, அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அதைத் தின்றோம். கீழே எங்கள் வீட்டில் கிழங்குக்குத் தேங்காய் துருவிப் போடுவோம். துவையலோடு இதுவும் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் இரண்டு முறை மேகம் வந்து எதிர்மலையை மூடியது. முதல் முறை நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க. போவும்" என்றாள். போனது.

மறுநாள் புதன். காலை பஸ்ஸில் இறங்குவதாக ஏற்பாடு. ஆலையிலிருந்து வேறு செய்தி வந்திருந்தது, அந்த வாரமே அரவை தொடங்குகிறது என்று. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு ரீத்தா, "ஒரு தடவ அங்க போயிட்டு போயிடலாம்" என்றாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள் போல. கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கொல்லையில் இலைகளில் பனி நீர். செல்வியின் வீடு பூட்டியிருந்தது, அவர் கடையில் இருந்தார். பள்ளத்தாக்கின் அடியில் பஞ்சு மாதிரி மூட்டம் கிடந்தாலும் மேலே தெளிவாக இருந்தது. எதிர்மலையின் ஓடை நேற்றைவிட இளைத்திருந்தது. இரண்டு மலைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சமவெளி தெரிந்தது. கோமுகி அணைத் தண்ணீர் ஒரு தகரத் துண்டு போல மின்னியது.

"அணைக்கு அந்தப் பக்கம் நம்ம வடக்கனந்தல் இல்லீங்க?"

"ஆமா. அந்தத் தென்னந்தோப்புக்கு அப்பால."

"பொறந்த ஊரு இத்தினியோண்டு" என்று சொல்லி வெகுநேரம் பார்த்தாள். அங்கன்வாடி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டாள். குத்துமதிப்பாகக் கை காட்டினேன். என் கையைப் பார்த்துவிட்டு, பிறகு கை காட்டிய திசையைப் பார்த்தாள்.

கீழே பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கிளப்பி விட்டிருந்தார்கள். என்ஜின் உறுமும் சத்தம் கொல்லையைத் தாண்டி வந்தது. நான் பையை எடுத்தேன்.

"இருங்க. அந்தப் பையை வச்சிட்டு அப்பால போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்க, சொல்றேன்."

வாசலின் மறுகோடிக்கு நடந்தேன்.

"இன்னும் போங்க."

வாசல் முடிந்து, பக்கத்தில் அறுத்துவிட்ட சாமைக் கொல்லை. அடித்தாள்கள் காலில் குத்த, முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்தேன். அவள் உரல்மேல் உட்கார்ந்து, கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

பின்னால் பார்த்துப் பார்த்து வைத்தேன் காலை.

"போதும். நில்லுங்க."

நின்றேன். அவள் முகம் எனக்கு அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"காலு தெரியுது. தலையும் தெரியுது. ரெண்டும் ஒண்ணா தெரியுதுங்க."

நான் கையைத் தூக்கினேன்.

"அசையாதீங்க" என்றாள். "இளைச்சிப் போயிட்டீங்க."

பஸ் ஹாரன் அடித்தது. சற்று விட்டு இன்னொரு முறை நீளமாக அடித்தது. பிறகு அது நகர்கிற சத்தம், முதல் வளைவில் கியர் மாற்றுகிற சத்தம், அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.